கைமாறும் பெயர்கள்

இணையப் பக்கம் ஒன்றுக்கு நிறம் கொடுக்க இரண்டு வழி இருக்கு. நிறத்தின் இலக்கத்தை எழுதலாம், அல்லது பெயரை எழுதலாம். சிவப்பு, நீலம் மட்டுமில்லை, தக்காளி, சொக்லேட் எண்டெல்லாம் நூற்றுச் சொச்சம் நிறப் பெயர்களை உலகத்தில் உள்ள எல்லா உலாவிகளும் விளங்கிக்கொள்ளும். அந்தப் பட்டியலில் கடைசியாக வந்து சேர்ந்தது ஒரு சிறுபிள்ளையின் பெயர். ரெபெக்காபர்ப்பிள். ஊதா நிறம். இலக்கத்தில் எழுதினால் #663399.

எரிக் மேயர் என்ற அமெரிக்கர், இணையப் பக்கங்களை வடிவமைக்கப் பயன்படும் சிஎஸ்எஸ் மொழியைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். அந்தத் துறையில் வேலை செய்கிற பலர் அவருடைய புத்தகத்தைப் படித்துத்தான் தொழில் பழகினார்கள். அவருடைய மகள் ரெபெக்கா 2014ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி மூளைப் புற்றுநோயால் இறந்தாள். அண்டைக்குத்தான் அவளுக்கு ஆறாவது பிறந்தநாள். அவளுக்குப் பிடித்த நிறம் ஊதா. தகப்பனிடம் தொழில் பழகியவர்கள், அந்த மொழியிலேயே அவள் பெயரில் ஒரு நிறம் இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். அந்த மொழியின் விதிகளைத் தீர்மானிக்கும் குழு அதே மாதமே ஒத்துக்கொண்டது.

முதலில் யோசித்த பெயர் 'பெக்காபர்ப்பிள்'. வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தகப்பன் மாற்றச் சொன்னார். பெக்கா என்பது குழந்தைப்பிள்ளைப் பெயர், ஆறு வயது வந்த பிறகு எல்லாரும் தன்னை ரெபெக்கா என்றுதான் கூப்பிடவேணும் என்று அவள் சொல்லிவைத்திருந்தாளாம். கிட்டத்தட்ட பன்னிரண்டு மணித்தியாலம் அவள் ஆறு வயதுக்காரியாக இருந்தாள். ஆகவே ரெபெக்கா.

இதை முதலில் வாசித்தபோது நாங்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் கதைக்கேல்ல. நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். சிஎஸ்எஸ் எங்களுக்கு எட்டாத ஊர். ஆனால் அந்தப் பெயர் திருத்தம் விளங்கினது. ஒரு பிள்ளை தன்னை எப்படிக் கூப்பிடவேணும் எண்டு கேட்டதை, அவள் போன பிறகு, உலகத்தின் உலாவிகள் எல்லாம் கேட்டு நடக்கின்றன. அதைச் செய்தவர்கள் சிலை வைக்கவில்லை, மண்டபம் கட்டவில்லை. தங்கள் கையில் இருந்த வேலைப்பொருளை எடுத்து அதிலேயே அவள் பெயரை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் இப்படியான கதைகளைத் தேடத் தொடங்கினோம். கீக்குகள் எண்டு சொல்லப்படுகிற ஆட்கள், அதாவது கொம்பியூட்டரும் கேமும் மாயக்கதைப் புத்தகங்களுமே கதியென்று கிடக்கிறவர்கள், செத்தவர்களை எப்படி நினைக்கிறார்கள்? தேடத் தேட ஒன்று தெரிந்தது. இவர்களுடைய நல்ல நினைவுச்சின்னங்களில் பல, கண்ணுக்குத் தெரியாதவை.

டெரி பிரட்செட் என்ற ஆங்கில எழுத்தாளர் 2004இல் 'கோயிங் போஸ்டல்' என்றொரு நாவல் எழுதினார். தட்டையான ஓர் உலகம், அதை நாலு யானைகள் சுமக்கின்றன, அவற்றை ஓர் ஆமை சுமக்கிறது. அந்த உலகத்தில் நடக்கிற பகிடிக் கதைகளில் இதுவும் ஒன்று. அங்கே மின்சாரத் தந்தி இல்லை. அதற்குப் பதிலாக 'கிளாக்ஸ்' இருக்கிறது. உயரமான கோபுரங்கள், அவற்றில் திறந்து மூடும் பலகைகள். ஒரு கோபுரத்தில் காட்டும் ஒளிக்குறியை அடுத்த கோபுரத்தில் இருப்பவர் பார்த்து, அதற்கடுத்த கோபுரத்துக்கு அனுப்புவார். இது முழுக்கக் கற்பனையும் இல்லை. பிரான்சில் 1794இலேயே பாரிசுக்கும் லீலுக்கும் இடையில் இப்படியான கோபுரத் தந்தி ஓடியது.

நாவலில், கிளாக்ஸைக் கண்டுபிடித்தவரின் மகன் ஜோன் கோபுரத்தில் வேலை செய்யும்போது செத்துப்போகிறான். கோபுரக்காரர்கள் அவனுடைய பெயரைத் தந்தி வழியில் போட்டுவிடுகிறார்கள். பெயருக்கு முன்னால் மூன்று எழுத்துக் கட்டளை: ஜி, என், யு. ஜி என்றால், செய்தியை அடுத்த கோபுரத்துக்கு அனுப்பு. என் என்றால், பதிவேட்டில் எழுதாதே. யு என்றால், வழி முடிகிற இடத்தில் திருப்பி அனுப்பு. ஆகவே பெயர் எங்கேயும் தங்காது. கடைசிக் கோபுரம் வரை போய், திரும்பி, மறுபடியும் போகும். கோபுரங்களில் ஆட்கள் இருக்கும் வரைக்கும் பெயர் ஓடிக்கொண்டிருக்கும்.

பிரட்செட்டுக்கு ஒரு வகை அல்சைமர் நோய் இருப்பதை அவரே 2007 டிசம்பரில் வெளியில் சொன்னார். 2015 மார்ச் 12இல் இறந்தார். அவருடைய வாசகர்களில் சேர்வர் நடத்துகிறவர்களும் புரோகிராம் எழுதுகிறவர்களும் நிறையப் பேர். அவர்கள் நாவலில் இருந்ததை அப்படியே செய்தார்கள். நாங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது, பக்கத்தோடு சேர்த்துச் சில தலைப்பு வரிகளையும் சேர்வர் அனுப்பும். என்ன வகைக் கோப்பு, எத்தனை மணிக்கு அனுப்பியது எண்டு உலாவிக்கு மட்டும் சொல்லுகிற வரிகள். அதற்குள் இன்னொரு வரியைச் சேர்த்தார்கள்: 'எக்ஸ்-கிளாக்ஸ்-ஓவர்ஹெட்: ஜிஎன்யு டெரி பிரட்செட்'. உலாவிக்கு அந்த வரியால் ஒரு வேலையும் இல்லை. வாசிக்கிறவருக்கு அது தெரியவும் தெரியாது. பக்கம் வருகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரும் கூட வந்து போகும், அவ்வளவுதான்.

எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருத்தியின் லப்டொப்பில் எஃப்12ஐ அமத்தி, தளம் தளமாகத் திறந்து தலைப்பு வரிகளைப் பார்த்தோம். முதல் நாள் ஒன்றும் அகப்படவில்லை. பிறகொரு பின்னேரம், யாரோ ஒருவரின் சின்னத் தளம் ஒன்றில், இலக்கங்களுக்கும் திகதிகளுக்கும் நடுவில் அந்த வரி கிடந்தது. இதைப் போட்டவரை நாங்கள் ஒருநாளும் காணப்போவதில்லை. அவரும் பிரட்செட்டை நேரில் கண்டிருப்பாரோ தெரியாது. ஆனாலும் அவருடைய கோபுரத்தில் விளக்கு எரிகிறது.

இதே பிரட்செட் இன்னொன்றும் சொல்லிவைத்துப் போனார். எழுதி முடிக்காத கதைகள் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவேண்டும், அதுவும் ரோட்டுப் போடுகிற உருளை ஏற்றி. 2017 ஓகஸ்டில் இங்கிலாந்தின் டோர்செட்டில் நடந்த நீராவி எந்திரக் கண்காட்சியில் அதைச் செய்தார்கள். 'லோர்ட் ஜெரிக்கோ' என்ற பழைய நீராவி உருளை. ஒருக்கால் ஏற்றியும் டிஸ்க் உடையவில்லை, பல தடவை ஏற்றியும் சரிவராமல் கடைசியில் கல் உடைக்கிற மெசினுக்குள் போட்டு முடித்தார்கள். உடைந்த துண்டுகளை சோல்ஸ்பரி நூதனசாலையில் காட்சிக்கு வைத்தார்கள்.

எங்களுக்குள் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். "முடிக்காத கதைகளை அழிச்சது அநியாயம்" எண்டு ஒரு பக்கம். "அது அவற்றை கதை, அவர் சொன்னதைச் செய்திருக்கினம்" எண்டு மற்றப் பக்கம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பெயரை ஓட விடு, கோப்பை உடை. சேமித்து வைப்பது ஒன்று, நினைத்திருப்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றென்றுதான் எங்கட போன்கள் எங்களுக்குப் பழக்கியிருக்கு.

அதற்காகச் சேமிப்பதைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. நோர்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்றொரு பொடியன் இருந்தான். தசைகள் மெல்ல மெல்லச் செயலிழந்துபோகும் டுஷேன் நோய். சக்கர நாற்காலி, வீடு, கொம்பியூட்டர். 'வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்' என்ற கேமுக்குள்ளேயே அவனுடைய நாட்கள் போயின. 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தான். பிள்ளை ஆட்களோடு பழகாமலே போய்விட்டான் என்று தாய் தகப்பன் துக்கப்பட்டார்கள். அவன் எழுதிவந்த பக்கத்தின் கடவுச்சொல் அவர்களிடம் இருந்தது. மரண அறிவித்தலை அதில் போட்டார்கள். பிறகு பல நாடுகளில் இருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. கேமுக்குள் 'ஐபெலின்' என்ற பெயரில் அவன் ஒருவரின் மனச்சோர்வைக் கேட்டிருந்தான், ஒரு தாயும் மகனும் ஒருவரோடொருவர் கதைக்க வழி காட்டியிருந்தான். அவனுடைய 'ஸ்டார்லைட்' குழுவில் இருந்து சிலர் செத்தவீட்டுக்கே வந்தார்கள்.

அந்தக் குழு கேமுக்குள் நடந்த கதைபேச்சுகளை எழுத்தாகச் சேமித்து வைத்திருந்தது. அந்தப் பதிவுகளைக் கொண்டு, அவன் கேமுக்குள் வாழ்ந்த வாழ்க்கையை அசைபடமாகத் திரும்ப உருவாக்கி, பெஞ்சமின் ரீ ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2024இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பதிவுகள் இல்லாவிட்டால் படம் இல்லை. ஆனால் அந்தப் பதிவுகள் அதுவரை ஒரு சேமிப்பில் கிடந்த எழுத்துகள்தான். அவன் ஆர் என்பதைத் தாய் தகப்பனுக்குச் சொன்னவை கடிதங்கள். ஆரோ ஒருவர் இருந்து, யோசித்து, அறியாத ஒரு குடும்பத்துக்கு எழுதி அனுப்பிய கடிதங்கள்.

எங்கட பட்சிலும் ஒருவன் இல்லை. போன வருசம் மோட்டார்சைக்கிள் விபத்தில் போய்விட்டான். அவனுடைய பெயரை இங்கே எழுதவில்லை. செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி எல்லாத்துக்கும் நாங்கள் போனோம். பட்ச் குறூப்பில் அவனுடைய நம்பர் அப்படியே இருந்தது. ஒருத்தரும் அதை எடுக்கச் சொல்லவில்லை. "நாளைக்கு லெக்சர் இருக்கோ?" எண்டு ஆரும் போட்டால், வாசித்தவர்களின் பட்டியலில் அவன் மட்டும் இல்லாமல் இருப்பான். அதைப் பார்க்கக்கூடாது எண்டு நினைத்துக்கொண்டே எல்லாரும் பார்ப்போம். நாலு மாசம் கழிந்து ஒரு மத்தியானம், குறூப்பில் ஒரு வரி விழுந்தது. அவன்ட பெயர், பக்கத்தில் 'வெளியேறினார்'.

ஆரிலும் பிழை இல்லை. குறிப்பிட்ட காலம் பாவிக்காத கணக்கைச் செயலி தானாக நீக்கும். அது எல்லாருக்கும் பொதுவான விதி. ஆனால் அந்த வரி அவன் தானாக எழும்பிப் போன மாதிரி இருந்தது. அண்டைக்குக் குறூப்பில் ஒருத்தரும் ஒன்றும் எழுதவில்லை.

பெரிய நிறுவனங்கள் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. நெடுநாள் பாவிக்காவிட்டால் கணக்கை யாரிடம் கொடுப்பது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க கூகுள் 2013இல் ஒரு வழி செய்தது. பேஸ்புக்கில், இறந்தவரின் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நியமிக்கும் வசதி 2015இல் வந்தது. மரணத்துக்கு ஆதாரம் காட்டினால், கணக்கு நினைவுக் கணக்காக மாறும், பெயரோடு நினைவுகூர்தல் என்ற சொல் சேரும். டுவிட்டர் 2019இல் பாவனையில் இல்லாத கணக்குகளை அழிக்கப்போவதாகச் சொன்னபோது, செத்தவர்களின் கணக்குகள் என்னாவது என்று எதிர்ப்பு வந்தது. அவர்கள் அந்தத் திட்டத்தை நிறுத்திவைக்க வேண்டி வந்தது.

ஆனால் இந்த ஏற்பாடுகளில் பெட்டி இரண்டுதான். ஒன்று உயிரோடு இருப்பவர், மற்றது இறந்தவர். எங்கட நாட்டில் பிறந்த ஒருவருக்கு இது போதாது என்பது உடனே தெரியும். எங்களிடம் மூன்றாவது பெட்டி ஒன்று இருக்கு. காணாமல் ஆக்கப்பட்டவர்கள்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு ரோட்டோரம் இருந்தார்கள். வருசக்கணக்கில் இருந்தார்கள். பல தாய்மார் மரணச் சான்றிதழ் வாங்க மறுத்தார்கள். வாங்கினால் பிள்ளை செத்துவிட்டது என்று தாங்களே கையெழுத்து வைத்த மாதிரி. அரச படிவத்திலும் அதுவரை இரண்டு பெட்டிதான். ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைக் கொடுக்க 2016இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

டெரி பிரட்செட்டுக்குப் போட்ட மூன்று எழுத்தை அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் போட முடியாது. அது செத்தவர்களுக்கான குறி. முடிவைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு தாய்க்கு முன்னால் நினைவுச்சின்னத்தைக் கொண்டுபோய் வைத்தால், அது அன்பு இல்லை, வாயை மூடச் சொல்லுவது. நினைவுக்கான எந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கதைத்தாலும் இந்த இடத்தில் நிற்கவேண்டியிருக்கு. யாரை நினைவுகூரலாம் என்று முதலில் ஆர் தீர்மானிப்பது? ரெபெக்காவின் பெயரைக்கூட, தகப்பனைக் கேட்டுத்தான் முடிவுசெய்தார்கள்.

கல்லில் எழுதினால் நிலைக்கும் எண்டு சொல்லுவினம். எங்கட தலைமுறைக்கு அதை நம்புவது கொஞ்சம் கஷ்டம். 2021 சனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாசலில் இருந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே வருசம் ஏப்ரலில் புதுத் தூபி எழும்பிவிட்டது. கல் தானாக நிற்கவில்லை, ஆட்கள் நிற்கவைத்தார்கள்.

எங்கட ஊர்களில் கல்வெட்டு எண்டால் கல் இல்லை, கடதாசி. அந்தியேட்டி அன்று வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். முன்னால் படம், பிறகு தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, ஊர்ப் புலவர் ஒருவரின் வெண்பாக்கள், சில வேளை வம்சாவளி. கடைசியில் நன்றி நவிலல். முந்தி வானொலி மரண அறிவித்தலும் இப்படித்தான் ஓர் ஊரையே சொல்லும்: இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அருமைக் கணவரும், இன்னாரின் மைத்துனரும் என்று. செத்தவர் ஒருவரைச் சொல்ல உயிரோடு இருக்கிற இருபது பேரைச் சொல்லவேண்டும். ஒரு கோபுரத்தில் இருந்து அடுத்த கோபுரத்துக்கு.

இந்தக் கல்வெட்டுகள் பெரும்பாலும் அலுமாரியில் கிடந்து கறையானுக்குப் போகும். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் இப்போது இவையும் இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது கிட்டத்தட்ட 97,000 நூல்கள் போயின என்ற கணக்கைச் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்த சமூகம் இது. அதனால்தானோ என்னவோ, பெரிய இலக்கியத்தோடு சேர்த்து, ஒரு தபாலதிபருக்கும் ஓர் ஆசிரியைக்கும் அடித்த நினைவு மலரையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் பண்ணி ஏற்றுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எங்களுக்கு அந்த ஊதா நிறம் ஞாபகம் வரும். இவர்களும் கீக்குகள்தான். தங்கள் கையில் இருக்கிற ஸ்கானரால், தாங்கள் ஒருநாளும் காணாத ஓர் ஆச்சியின் பெயரை அடுத்த ஆளுக்கு அனுப்புகிறார்கள். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள், பேரன் பேத்திகள், கனடாவில் இருந்து பூட்டனின் பெயர் தேடுகிற ஆரோ ஒருவர், இவர்களில் ஒருவர் திறக்கும்போது அந்தப் பெயர் திரும்பவும் ஓடும். ஒருவரும் திறக்காவிட்டால் அது அலுமாரிதான், கறையான் இல்லாத அலுமாரி.

எங்கட நண்பனுக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை எண்டுதான் கனநாள் நினைத்திருந்தோம். முதலாம் ஆண்டு நினைவுக்கு பனர் அடிப்போமா என்று கதை வந்தது, வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் அவன் முதலாம் வருசத்தில் எழுதின அளவையியல் நோட்ஸ் இருக்கு. 62 பக்கம். எழுத்து முத்து மாதிரி. பள்ளிக்கூடப் பழக்கம் விடாமல், ஒவ்வொரு பக்கத்தின் வலது மூலையிலும் தன்ட பெயரை எழுதி இரண்டு கோடு போட்டிருப்பான். அவன் உயிரோடு இருக்கும்போதே ஆரோ அதைப் போனில் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கிவிட்டார்கள். பதினாலாம் பக்கத்தில் தேத்தண்ணிக் கறை.

அது எங்களுக்குப் பிறகு வந்த பட்சுக்குப் போனது. அவர்கள் அதற்கடுத்த பட்சுக்குக் கொடுத்தார்கள். ஒரு ஜூனியர் நல்லெண்ணத்தில் அளவைக் குறைத்து, ஓரங்களை வெட்டி, புதுக் கோப்பாக அனுப்பியிருந்தாள். பதறிப்போய்த் திறந்து பார்த்தோம். வலது மூலை தப்பியிருந்தது.

போன கிழமை முதலாம் வருசப் பொடியன் ஒருவன் கன்ரீனில் வந்து கேட்டான், "அண்ணா, இந்த நோட்ஸில இருக்கிற பெயர் ஆற்றை?"

"எங்கட பட்ச். நல்லா நோட்ஸ் எடுப்பான்."

"இப்ப எங்க?"

சொன்னோம். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, தன்ட பட்சில இன்னும் நாலைந்து பேருக்கு அந்தக் கோப்பு வரேல்ல, திருப்பி ஒருக்கால் அனுப்ப ஏலுமோ எண்டு கேட்டான். ஓரம் வெட்டாத பழைய கோப்பைத் தேடி எடுத்து அனுப்பினோம்.